மரை போட்ட விமானம்

2006 வாக்கில், ஓசூரில் கார் பாகங்களுக்கு அச்சு செய்யும் ஒரு டூல் ரூமில் டிசைனராக இருந்தபோது, உலகப்போர் விமானம் ஒன்றைச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. சம்பளம் கிடையாது. பழைய போர் விமானக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்காக. அதை உருவாக்கிய கம்பெனியே அதை மறந்துவிட்டிருந்தது. ஆனால் பல நாடுகளில் வேலை வெட்டியில்லாத சிலர் இணையத்தில் ஒன்றுகூடி, புது விமானங்களைச் சேர்த்து அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை இருந்தும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் நான்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். விளையாட்டு தொடங்கும்போது திரையில் ஓடும், உருவாக்கியவர்கள் பட்டியலில் என் பெயர் வர வேண்டும். நான் வரைந்த அச்சுகளில் எத்தனையோ கார் கதவுகள் பிறந்தன. எதிலும் என் பெயர் இல்லை. ட்ராயிங்கில்கூட மேனேஜர் கையெழுத்துதான்.

விமானத்தின் பழைய வரைபடம் கிடைத்தது. டூல் ரூமில் எங்களுக்குத் தெரிந்த ஒரே மதம், ட்ராயிங்கில் உள்ளது பொருளில் இருக்க வேண்டும் என்பது. ஆகவே போல்ட் இருந்த இடத்தில் போல்ட் வைத்தேன். போல்ட்டுக்கு மரை வெட்டினேன். யார் கண்ணுக்கும் படாத எண்ணெய்த் தொட்டிக்கு மூடி, அந்த மூடிக்கு வாஷர். பவர் கட் போக மிஞ்சிய ஞாயிற்றுக்கிழமைகள் மூன்று மாதம் இப்படிப் புண்ணியமாகப் போயின.

அறையில் கூட இருந்த திருநெல்வேலிக்காரன் எட்டிப் பார்த்தான். "ஏல, இவ்ளோ மரை எதுக்கு? யாரு கழட்டிப் பாக்கப்போறா?"

"ட்ராயிங்ல இருக்குதுடா. இருக்கறத உடக் கூடாது."

முடித்து விளையாட்டில் ஏற்றினேன். கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அப்படியே நின்றது. குழுவின் தலைவர், நான் முகம் பார்த்திராத வெளிநாட்டுக்காரர், கோப்பைப் பார்த்துவிட்டு மிக மரியாதையாக எழுதினார். விளையாட்டில் எல்லாமே சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது, அதிகமானால் கம்ப்யூட்டர் தாங்காது. உங்கள் ஒரு போல்ட்டே இரண்டு விமானங்களின் பங்கைத் தின்கிறது. பத்து நாளில் குறைத்துக் கொடுங்கள், வெளியிடப்போகிறோம்.

அவசரம் என்றால் அரைகுறையாகச் செய்யலாமா? முறைப்படி கீழிருந்து ஆரம்பித்தேன். முதலில் சக்கரம். மரைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சொந்தப் பல்லைப் பிடுங்குவதுபோல் வலித்தது. முக்கோணம் குறையவும் வேண்டும், வட்டம் வட்டமாகவும் தெரிய வேண்டும். சக்கரம் அற்புதமாக வந்தது. பத்து நாளும் முடிந்திருந்தது.

வேறு யாரோ அவசரத்தில் செய்த விமானம் உள்ளே போயிற்று. மரை கிடையாது, இறக்கை அளவும் தப்பு. ஜம்மென்று பறந்தது. தலைவர் எனக்குத் தனியாக எழுதினார். உங்கள் சக்கரம் நன்றாக இருக்கிறது, எல்லா விமானங்களுக்கும் அதையே மாட்டிவிட்டோம். பட்டியலில் கடைசிக்கு முந்தைய வரியில் என் பெயர் ஓடியது. எதிரில், சக்கரம்.

"பேரு வந்துட்டுல்லா, பொறவு என்ன?" என்றான் திருநெல்வேலிக்காரன்.

வந்துவிட்டதுதான். அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று எனக்கே தெரியவில்லை.

அதன்பின் எந்த விமானத்தை ஓட்டினாலும், மேலே ஏறியதும் சக்கரத்தை உள்ளே மடக்க மனம் வரவில்லை. வெளியிலிருந்து பார்க்கும் கேமராவை அடிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, சக்கரங்கள் தொங்க, தேன்கனிக்கோட்டை டவுன் பஸ் வேகத்தில் போர்க்களத்துக்குள் நுழைவேன். எதிரி பின்னால் வந்து நிதானமாகச் சுட்டு வீழ்த்துவான். அவன் விமானத்தில் இருப்பதும் என் சக்கரம்தான். அவன் மட்டும் அதை மடக்கி வைத்திருப்பான்.