வெள்ளிக்கிழமைப் பங்கு

கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில், கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டிலில் நான் பாலர் வகுப்பு நடத்தினேன். வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம், யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சிலேட்டுக்கே தட்டுப்பாடு. கோயில் சுவாமி ஒரு வாரத்துக்கான வேலைகளைத் தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். திங்கள் மணலில் எழுத்து, செவ்வாய் சிப்பி எண்ணுவது, புதன் களிமண், வியாழன் பாட்டு. வெள்ளிக்கிழமை பங்கிடுவது. அதற்குக் கச்சான் கொட்டை, அதுதான் நிலக்கடலை, வேண்டும். வறுத்த கச்சானைக் கோது உடைத்துப் பாயில் கொட்டுவேன். பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து சமமாகக் குவிக்க வேண்டும். குவியல்கள் சரியாக இருந்தால் தின்னலாம். மற்ற நாட்களில் கொட்டாவி விடும் கூட்டம் வெள்ளிக்கிழமை விடிய முன்னமே வந்து நிற்கும்.

என் மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். நாலு வயது. வீட்டில் நான் அவளுக்கு அம்மா, கொட்டிலுக்குள் ரீச்சர். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே பிரித்து வைத்துக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் ஒரே வாயில் போட்டுக்கொண்டு ஓட, இவள் மட்டும் ஒவ்வொரு கொட்டையாகச் சிவப்புத் தோலை உரித்துக்கொண்டு இருப்பாள். எனக்குப் பொறுமை கிடையாது. கொட்டிலைப் பூட்ட வேண்டும் என்று கத்துவேன். "ரீச்சர், இன்னும் நாலு கிடக்கு" என்பாள், ஏதோ நான் அவளுக்குச் சம்பளத்துக்கு நிற்கிறவள் மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பையனுக்குக் கூகைக்கட்டு, கன்னம் வீங்கி வரவில்லை. பாயைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். குவியல் பதினொன்று. நான் சிலாபத்துப் பட்டணத்தில் வளர்ந்தவள், கரையில் நின்று கூட்டமாக இழுக்கும் கரைவலைத் தொழில் எனக்குத் தெரியாது. கணக்குப் பிழை, எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்றேன். திரும்பவும் பதினொன்று. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கடைசி மகளுக்கு ஐந்து வயது, வாய் மட்டும் ஐம்பது வயது. அவள்தான் எழும்பினாள்.

"அது வருத்தக்காரன்ட பங்கு ரீச்சர். வைக்காட்டிப் பாவம்."

அன்று பின்னேரம் அவளுடைய தாயிடம் கேட்டேன். வலை இழுக்கிறவர்களில் ஒருவன் படுத்துவிட்டால், அவனுடைய பங்கைக் கரையில் தனியாகக் குவித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"ஆள் செத்துப்போனா?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேனோ தெரியாது.

"செத்தாலும் முப்பத்தொண்டாம் நாள் வரைக்கும் வீட்டுக்குப் போகும் ரீச்சர். பிறகு வைக்கிறேல்ல. பிறகும் வச்சா ஆக்களுக்குக் கட்டுப்படியாகுமா?"

அதிலிருந்து நானும் அந்தக் கூடுதல் குவியலை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைப் பூவரசம் இலையில் பொதிந்து வருத்தக்காரனுக்குக் கொண்டுபோகும். வழியிலேயே பாதி குறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும், கேட்கப் போகவில்லை.

மாரி மழை தொடங்கியதும் ஊருக்குள் மலேரியாக் காய்ச்சல் வந்தது. என் மகள் ஒரு திங்கட்கிழமை படுத்தாள். அயல்வீட்டு அக்கா பார்த்துக்கொள்ள, நான் வகுப்புக்குப் போய்வந்தேன். இரண்டு நாளில் எழும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே எழும்பின. வெள்ளிக்கிழமை அவளுடைய பங்கை இலையில் கட்டி என்னிடமே தந்தார்கள். கட்டிலில் அவிழ்த்து வைத்தேன். ஒன்றை எடுத்துத் தோலை உரித்தாள், வாயில் போடவில்லை.

"எல்லாருக்கும் இவ்வளவுதானா ரீச்சர்?" என்று கேட்டாள். வீட்டில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

புத்தளத்தில் உப்புக் கந்தோரில் கிளாக்கராக இருந்த என் கணவர் மறுநாள் வந்தார். அவளைப் பார்த்ததும் உடுப்பு மாற்றாமலே வண்டி பிடிக்க ஓடினார். கொயினா மருந்துக்கு அப்போது சரியான தட்டுப்பாடு. கிடைத்ததையும் அவள் உடம்பு ஏற்கவில்லை. புத்தளத்து ஆஸ்பத்திரியில் புதன்கிழமை காலையில் போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அவளுடைய தலைமயிரைச் சீவி முடிந்தேன், ரிபன் எங்கே என்று தேடினேன், வண்டிக்காரனோடு சண்டை பிடித்தேன். ஊருக்குக் கொண்டுவந்து கோயில் வளவு மணலில் அடக்கம் செய்தோம். அன்று யாரும் வலை வளைக்கவில்லை.

வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இருந்து என்ன செய்வது? அடுத்த வாரமே கொட்டிலைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை பாயில் கச்சானைக் கொட்டிவிட்டு வாசல் பக்கம் திரும்பி நின்றேன். திரும்பிப் பார்த்தபோது குவியல் ஒன்று கூடுதலாக இருந்தது. சம்மாட்டியின் மகள் அதை இலையில் கட்டி என் கையில் வைத்தாள்.

"வீட்ட குடுங்க ரீச்சர்" என்றாள்.

கணவர் புத்தளத்துக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார், வீடு என்றால் இனி நான்தான். போகும் வழியில் ஒவ்வொன்றாகத் தின்றேன். துக்கக்காரி தின்னக் கூடாது என்று எனக்கும் தோன்றியது, ஆனாலும் தின்றேன். அந்த வாரங்களில் என் வாய்க்கு ருசித்தது அது ஒன்றுதான். மற்றவர்கள் என்னைக் கண்டால் அவளைப் பற்றிக் கதைப்பதையே நிறுத்திவிடுவார்கள். இந்தப் பிள்ளைகள் மட்டும் வெள்ளிக்கு வெள்ளி அவளுக்கு ஒரு இடம் விட்டுக் குவித்தார்கள். கிழமை முழுவதும் அதற்காகவே நான் எழும்பி உடுத்து வந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை கொடுத்தோம், ஊருக்குச் சோறு கொடுத்தோம். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமையும் வழக்கம்போலக் கச்சானைக் கொட்டினேன். குனிந்த தலைகள், சின்ன விரல்கள், ஆளுக்கொன்று, ஆளுக்கொன்று. முடிந்ததும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகள் பத்து. குவியலும் பத்து.

"ஒண்டு குறையுது. திரும்ப எண்ணுங்க" என்றேன்.

எண்ணினார்கள். பத்துத்தான். நான் இன்னும் சரி என்று சொல்லாததால் யாரும் கை வைக்கவில்லை. சம்மாட்டியின் மகள் தலையைக் குனிந்துகொண்டு, "முப்பத்தொண்டு முடிஞ்சுது ரீச்சர்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கரையில் பெரியவர்கள் செய்வதைத்தான் அந்தப் பிள்ளை செய்தது.

ஆஸ்பத்திரியிலும் அழாதவள், அடக்கத்தன்றும் அழாதவள், பாய் ஓரத்தில் குந்தி அந்தப் பத்துப் பிள்ளைகளுக்கும் முன்னால் வாய்விட்டு அழுதேன். அவர்கள் பயந்துபோனார்கள். கடற்கரையில் பங்கு பிரிக்கும்போது பொம்பிளைகள் ஒரு காரணத்துக்குத்தான் அழுவார்கள், சண்டை பிடிப்பார்கள். எல்லாரிலும் சின்னவன் தன் குவியலிலிருந்து ஒரு கொட்டையை என் பக்கம் தள்ளினான்.

"பங்கு குறைஞ்சு போச்சா ரீச்சர்?"

"ஓம் மகன்" என்றேன். "குறைஞ்சு போச்சு."