பெரிய கிளாக்கரின் புதிய பாஸ்வேர்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நீண்ட லீவு போகிறவர்கள் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுப் போவது வழக்கம். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கர் ஒருவர்தான் அதை எடுப்பார். பிள்ளை பெறப் போனபோது நானும் அப்படியே செருகினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு லயத்து வீட்டுக்கு வந்தேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அத்தை பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்றே கேட்டார்.

“வீட்டு லிஸ்ட்டுல எம் பேர நீதானே வெட்டுன? ஆபீஸு கம்ப்யூட்டர்ல ஒன் பேருதான் காட்டுதாமே?”

மழைக்கு மண் இறங்கி அத்தையின் காம்பராச் சுவர் வெடித்திருந்தது. புதிய வீட்டுப் பட்டியலில் அவர் பெயரை ஏற்றியதே நான்தான். பெரிய கிளாக்கர் என் பாஸ்வேர்டில் நுழைந்து அதை வெட்டிவிட்டு, தன் மச்சினன் பெயரைப் போட்டிருந்தார். வெட்டிய தேதியில் நான் பிரசவ வார்டில் கிடந்தேன். லீவு முடிந்ததும் பிரசவத் தேதி போட்ட ஆஸ்பத்திரித் துண்டை மேனேஜர் துரையின் மேசையில் வைத்தேன். தவறுதலாக நடந்திருக்கும் என்றார் துரை. மச்சினன் ஏற்கெனவே பால் காய்ச்சிக் குடியேறிவிட்டான். அத்தை அடுத்த பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. என் வாயை அடைக்க, கம்ப்யூட்டர் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் போல வாங்கிக்கொண்டேன்.

மறு வருடம் பெரிய கிளாக்கர் முழங்கால் ஆபரேஷனுக்காக மூன்று மாத லீவில் போனார். அவர் படியிறங்கியதும் அவருடைய கம்ப்யூட்டர் கணக்கைப் பூட்டினேன். இரண்டாவது வீட்டுப் பட்டியல் தயாரான வாரம் போன் வந்தது.

“என்னம்மா, வீட்டுலருந்து உள்ள போக முடியலயே?”

“லீவுல இருக்கிறவங்களுக்கு உள்ள என்னங்க வேல? நல்லா ரெஸ்ட் எடுங்க.”

தேன் குடித்த மாதிரி இருந்தது. பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அத்தையின் பெயர் முதல் வரியில் இருக்க, பட்டியல் கையெழுத்தாகிப் போனது.

லீவு முடிந்து தடியூன்றி வந்தவர் என் மேசைக்கு முன்னால் நின்றார். கணக்கைத் திறக்க வேண்டுமானால் எழுத்தில் கேளுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார். தற்காலிகப் பாஸ்வேர்டாக அத்தையின் முழுப் பெயரையும், வெடித்த காம்பராவின் இலக்கத்தையும் வைத்தேன். இரண்டு முறை பிழையாக அடித்தார். நான் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“நிதானமா அடிங்க ஐயா. பேர வெட்டத் தெரிஞ்ச கைக்கு எழுதத் தெரியாதா?”