ஈட்டிக்கு மூன்று அடி

ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் ஸ்ரீரஞ்சனிக்குச் சோறு தொண்டையில் இறங்காது. இந்த வாரம் தொண்டையை அடைத்தது ஓர் ஈட்டி.

போபோடியில் குடியிருந்துகொண்டு வங்கியில் வேலை பார்க்கிற பெண்மணிக்கு ஈட்டியோடு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். எல்லாம் விளையாட்டுதான். மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரராக மாறி, கதை சொல்லிக்கொண்டே சண்டை போட வேண்டும். யாருக்கு எவ்வளவு காயம் என்பதைப் பகடை சொல்லும். இங்கிலீஷில் இந்த மாதிரி ஆட்டங்கள் மலைபோல் கிடக்கின்றன. இந்தியிலும் மராட்டியிலுமே பொழுது போகிற ஊரில் தமிழில் ஒன்று இருந்தால்தான் என்ன என்று இவளே ஒன்றை உண்டாக்கினாள். கணவன் ஸ்ரீநிவாசனோடு எதிரெதிராக உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள். வாளும் ஈட்டியும் மாறி மாறி ஜெயித்தன. மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

வீட்டுக்கு வெளியே அதை ஆடுகிறவர்கள் உலகத்திலேயே ஒரே ஒரு கூட்டம்தான். தளேகாவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் செல்வமேரியின் வீட்டில், ஞாயிறுதோறும். அங்கேதான் வந்தது வினை. ஈட்டிக்காரி செல்வமேரி எல்லாச் சண்டையிலும் ஜெயித்தாள். வாள்காரன் தேஜஸ் ஸ்ரீரஞ்சனியைப் போனில் கூப்பிட்டு வெடித்தான்.

"மேம், நான் என்ன வேடிக்கை பாக்கறதுக்கா வர்றேன்? இந்த சண்டே லாஸ்ட். அப்புறம் நானும் வரலை, என் ரூம்மேட்ஸும் வரலை."

அவர்கள் போய்விட்டால் செல்வமேரி யாரோடு ஆடுவாள், சுவரோடா? ஆட்டமே செத்துப்போகும். அதைவிட, ஏன் இப்படி என்ற கேள்விதான் ஸ்ரீரஞ்சனியின் மண்டையைக் குடைந்தது. கணக்கைத் திரும்பப் போட்டாள், சரியாகவே வந்தது. தான் கொடுத்த பகடை ஒரு பக்கம் கனத்ததோ என்று, அதே பெட்டியில் மிச்சமிருந்ததை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். அது எந்தப் பக்கமும் சாயவில்லை.

"அது நான் காபி குடிக்கிற டம்ளர்," என்றான் ஸ்ரீநிவாசன்.

ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயில் பிடித்து நேரே தளேகாவுக்கே போய்விட்டாள்.

கதையில் அன்றைக்கு ஒரு பாலம். பாலத்தை மறித்துக்கொண்டு ஒரு கரடி. செல்வமேரி ஈட்டியை ஓங்கினாள். பகடையை உருட்டினாள். மறுபடி உருட்டினாள். மறுபடியும் உருட்டினாள்.

"இரு, இரு! எதுக்கு மூணு தடவை?"

"நீங்கதான எழுதியிருக்கீய! 'வாள், இரண்டு பகடை. ஈட்டி, ஒரு பகடை, மூன்று அடி.' மூணு அடி அடிச்சாச்சு."

ஸ்ரீரஞ்சனி தலையில் அடித்துக்கொண்டாள். "ராமா! அது அடிக்கிற அடி இல்லைம்மா, அளக்கிற அடி! மூணடி தள்ளி நின்னே குத்தலாம்னு அர்த்தம். குத்து ஒண்ணுதான்."

"ஏதோ தப்புன்னு நான் சொன்னேன்ல!" என்று தேஜஸ் குதித்தான்.

செல்வமேரியின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ நான் இத்தன நாளும் கள்ளாட்டமா ஆடியிருக்கேன்?"

"உன் மேல தப்பே கிடையாது. எழுதத் தெரியாதவ நான்."

ஆட்டம் தொடர்ந்தது. ஒரே குத்து, கரடிக்கு அது கொசுக்கடி. அது பாய்ந்து வந்து அறைந்த அறையில் ஈட்டிக்காரி குற்றுயிரானாள். இன்னொன்று விழுந்தால் ஆள் காலி. செல்வமேரி பகடையை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டாள்.

அவளைப் பார்த்ததும் தேஜஸின் குதிப்பு அடங்கியது. போனில் இருந்த விதியை எழுத்துக்கூட்டிப் படித்தான். "மேம், ஒரு டவுட். மூணு அடின்னா… நான் நடுவுல நின்னா, அக்கா என் பின்னாடிலேர்ந்து குத்தலாமா?"

வீட்டில் ஸ்ரீரஞ்சனியும் கணவனும் எப்போதும் எதிரிகளாகத்தான் ஆடினார்கள். வாளும் ஈட்டியும் ஒரே பக்கம் நின்றால் என்ன ஆகும் என்று, ஆட்டத்தை உண்டாக்கியவளுக்கே தெரியாது. எப்பேர்ப்பட்ட அசடு!

"குத்தலாம்," என்றாள். "குத்திப் பாருங்களேன், எனக்கும் தெரியணும்."

வாள்காரன் முன்னால் போய் நின்றான். கரடியின் அறைகளை அவன் வாங்கிக்கொண்டான். அவன் தோளுக்கு மேலாக ஈட்டி பாய்ந்தது. யாரும் டீயைத் தொடவில்லை. கரடியும் சாகவில்லை, இவர்களும் சாகவில்லை. ரயிலுக்கு நேரமாயிற்று என்று ஸ்ரீரஞ்சனிதான் கடைசியில் எழுந்தாள். தேஜஸும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. "அப்போ… இதுதான் லாஸ்டா?"

"எப்படி மேம்? கரடி இன்னும் சாகலையே. நான் நகர்ந்தா அது அக்காவைத் தின்னுடும்."