நிரம்பியிருந்த சிலிண்டர்

சோலைமலை நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். நீருக்குள் மூழ்கி வேலை செய்யக் கற்றது மட்டும் திருகோணமலைக் கடலில். சுற்றுலாக்காரர்களை நீருக்கடியில் கூட்டிப் போகும் கடையொன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். அதிலிருந்து சுற்றுவட்டார அணைகளில் தண்ணீருக்குள் என்ன வேலை வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மனைவி ரத்னாவின் தம்பி தர்ஷனும் அதே கடையில் பழகியவர். இருவரும் சேர்ந்தே இறங்குவார்கள்.

போன ஆவணியில், சின்ன அணை ஒன்றின் நீர்வாயிலில் அடைத்திருந்த குப்பையை அகற்றப் போயிருந்தார்கள். வாயிலை மூடச் சொல்லிவிட்டு ஒன்பது மீற்றர் ஆழத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, பழைய முட்கம்பிச் சுருள் ஒன்று சரிந்து தர்ஷனின் வலது காலை வளைத்துக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. கத்திக்கு அந்தக் கம்பி அசையவில்லை.

சோலைமலை இருவரின் காற்று மீட்டரையும் பார்த்தார். முன்னதாக இறங்கியிருந்த அவருடையதில் முப்பது பார் அழுத்தம்தான் மிச்சம். தர்ஷனுடையதில் எழுபது, அதாவது பத்து நிமிடம். பயத்தில் மூச்சு வாங்கினால் அதுவும் இல்லை. உள்ளங்கையைக் காட்டி, அசையாமல் இருக்கும்படி சொல்லிவிட்டு மேலே வந்தார்.

கரையில் வேன் நின்றது. அதில் மூன்று காற்றுச் சிலிண்டர்கள். கொண்டுவந்தவர் ஹட்டன் வியாபாரி நிப்ராஸ். நீருக்குள் மூழ்குவதற்கான சாமான்களை வாடகைக்கு விடுபவர். ஒரு சிலிண்டரின் கழுத்தில் குத்தியிருந்த பரிசோதனைத் தேதி ஒன்பது வருடம் பழையது என்று காலையிலேயே சோலைமலை அதை ஒதுக்கியிருந்தார். இன்னொன்று முந்தின நாள் பாதி பாவித்த இரும்புச் சிலிண்டர், தொண்ணூறு மிச்சம். மூன்றாவது அலுமினியம், அன்று காலை நிரப்பியது. இருநூறு.

நிப்ராஸ் அதைத்தான் தூக்கி நிறுத்தினார். சோலைமலை வால்வை லேசாகத் திறந்து மூக்கை வைத்தார். மறுபடியும் முகர்ந்தார்.

“நானா, இதுல பொக நாத்தம் அடிக்குது.”

“காலையிலதான் நெரப்புனேன். மீட்டரப் பாருங்க, இருநூறு நிக்குது.”

கரையில் நின்ற அணை ஊழியர்கள் சிங்களத்தில் அவசரப்படுத்தினார்கள். இருநூறு இருந்தால் இரண்டு பேருக்கும் தாராளம். தொண்ணூறை இரண்டு பேர் இழுத்தால் எத்தனை நிமிடம் தாங்கும்? ஆனால் இயந்திரப் புகை கலந்த காற்றை ஆழத்தில் சுவாசித்து மயங்கிப் போனவர் ஒருவரை அவர் திருகோணமலையில் பார்த்திருக்கிறார். இரும்புச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு, வேனிலிருந்த கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு குதித்தார்.

தர்ஷனின் மீட்டர் முள் பத்தில் நின்றது. சோலைமலை தன் சிலிண்டரின் இரண்டாவது வாய்க்குழாயை அவர் வாயில் திணித்தார். கலங்கிய நீரில் கையால் தடவித்தான் கம்பியைத் தேட வேண்டியிருந்தது. முதல் கம்பி அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. மூன்றாவது குதிகாலுக்குப் பின்னால் சதையில் பதிந்திருந்தது. குறடு இரண்டு முறை வழுக்கியது. தர்ஷன் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். சோலைமலையின் மீட்டர் முள் முப்பதுக்கு இறங்கியபோது அந்தக் கம்பியும் அறுந்தது.

பதறி ஏறக் கூடாது என்று தர்ஷனின் பட்டியைப் பிடித்து இழுத்து, மெதுவாகவே ஏற்றினார். தலை வெளியே வந்தபோது முள் ஏறக்குறைய அடியைத் தொட்டிருந்தது.

குதிகாலுக்குப் பதினொரு தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிப்ராஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காலையில் கரண்ட் இல்லாததால் ஜெனரேட்டரை ஓடவிட்டு, அதன் பக்கத்திலேயே காற்று நிரப்பும் மெஷினையும் வைத்துவிட்டதாகச் சொன்னார். அந்த அலுமினியச் சிலிண்டரில் இருந்த காற்று முழுவதையும் அணைக்கரையிலேயே திறந்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“நான் சொன்னதக் கேட்டு அத எடுத்திருந்தீங்கன்னா?” என்றார்.

உள்ளேயிருந்து ரத்னா கூப்பிட்டாள். சோலைமலை எழுந்து தர்ஷனிடம் போனார்.