வலிக்காத கால்

என் அக்காள் புருஷனுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று, திருநெல்வேலி டாக்டர் அதிகம் பேசவில்லை. நடக்கச் சொன்னார். நடக்காவிட்டால் கண் போகும், கிட்னி போகும், கால் போகும் என்றார். அத்தான் அன்று சாயங்காலமே அந்த நோயைப் பற்றி ஃபோனில் கிடைத்ததையெல்லாம் படித்து முடித்தார். டாக்டர் சொல்லாமல் விட்டவற்றையும் சாப்பாட்டுக்கு நடுவில் எங்களுக்கு விளக்கினார். விளக்கிவிட்டுப் படுத்துக்கொண்டார். நடக்கவில்லை.

நான் அந்தச் சமயத்தில்தான் பாலக்காட்டிலிருந்து வந்திருந்தேன். அங்கே ஓர் ஓட்டலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன், ஓட்டலை மூடிவிட்டார்கள். போக்கிடம் இல்லாதபோதெல்லாம் சங்கரன்கோவிலுக்கு வந்து அக்கா வீட்டில் படுத்துக்கொள்வது என் வழக்கம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மூட்டை சுமந்தேன், பம்பாயில் டீ கொண்டு கொடுத்தேன், லாரியில் கிளீனராக இருந்தேன். எந்த ஊரும் ஒட்டவில்லை. இங்கே வந்ததும் பூ மார்க்கெட்டில் மூட்டை கட்டும் வேலை கிடைத்தது. காலையில் போனால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு அக்கா ஒரு வேலை வைத்திருந்தாள்.

"ஏலே, உங்க அத்தானை எப்படியாச்சும் நடக்க வையி. நீ ஊர் ஊரா நடந்தவன்லா. உனக்கு இல்லாத தந்திரமா?"

"நான் பஸ்ஸுக்குக் காசு இல்லாம நடந்தேன்க்கா. அதுல என்ன தந்திரம்?"

"அவங்க காசையும் வேணா நான் வாங்கி வச்சுக்கிடுதேன். நீ கூட்டிட்டுப் போ."

அத்தான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். மற்றவர்கள் சாயங்காலம் வரை இழுக்கும் வேலையை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டு, மீதிப் பொழுதைக் கழிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருப்பார். பஸ் போர்டுகளையும் சினிமா போஸ்டர்களையும் பார்த்தே மலையாளம் படிக்கக் கற்றுக்கொண்டார். கடையநல்லூரிலிருந்து வந்து ஜவுளி வியாபாரம் செய்த ஒரு பாயிடம் டீக்கடையில் உட்கார்ந்து அரபி எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். செஸ் விளையாட அவருக்குப் பலகை வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, ஃபோனில் கிடைத்த முகம் தெரியாத யாரோ ஒருவனோடு நான்கு நாள் ஓர் ஆட்டத்தை மனசுக்குள் வைத்திருப்பார். மேலே படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சர்க்கரைக்கு முன்னாலேயே அவருக்குச் சலிப்பு என்று ஒரு நோய் இருந்தது. ஒரு விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டால் பிறகு அதைத் தொட மாட்டார். மனுஷர்களிடமும் அப்படித்தான். முகம் வாடிவிடும், கண் எங்கேயோ போய்விடும். அந்த மாதிரி ஆளை ஒரே மைதானத்தைச் சுற்றி வரச் சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு முதல் நாளே தெரிந்துபோனது.

பள்ளிக்கூட மைதானத்துக்குத்தான் முதலில் கூட்டிப் போனேன். ரிட்டயர் ஆனவர்கள் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பேசியதெல்லாம் மருமகள், மாத்திரை, மறுபடி மருமகள். அத்தான் ஒரு வாரம் தாங்கினார்.

"மாப்ள, செக்கு மாடாவது எண்ணெய் எடுக்கும் வே. நாம என்னத்த எடுக்கோம்?"

செல்போன் கடைக்கு மேலே இருந்த ஜிம்மில் ஓடுகிற மிஷின் இருந்தது. அதில் ஏறி நின்றவர் எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்தார். இறங்கிவிட்டார். பிறகு ஷட்டில். ஆரம்பத்தில் சந்தோஷமாக ஆடினார். எதிராளி எந்தப் பக்கம் அடிப்பான் என்று அவன் தோளைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்த பிறகு போகவில்லை. யோகா வகுப்பில் தூங்கிவிட்டார். எழுப்பியதற்கு வாத்தியாரோடு சண்டை.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. நான் எந்த ஊருக்குப் போனாலும் செய்வதைச் சொன்னேன். புது ஊரில் வேலை தேடும்போது போன தெருவில் திரும்பிப் போக மாட்டேன். ஒரு தெருவில் இல்லையென்று சொல்லிவிட்டால் இல்லைதான், அடுத்த தெரு. அப்படியே ஊர் முழுக்க நடந்துவிடுவேன். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன தெருவுல மறுபடி கால் வைக்காம ஊர் மொத்தத்தையும் நடந்துட முடியுமா?"

"தெரியலையே அத்தான். எனக்கு அதுக்குள்ள வேலை கிடைச்சிரும்."

அன்றைக்கே கிளம்பிவிட்டார். ரத வீதிகள், பஸ் ஸ்டாண்டு, கழுகுமலை ரோடு, விசைத்தறிகள் கடகடக்கும் தெருக்கள் எல்லாம் நடந்தோம். எந்தத் தெரு எங்கே சேர்கிறது, எது முட்டுச் சந்து என்று மனசுக்குள் வரைந்துகொண்டே வந்தார். தப்பான தெருவில் நுழைந்துவிட்டால் மறுநாள் வேறு இடத்திலிருந்து ஆரம்பிப்போம். தறிச் சத்தத்தில் கத்திப் பேசிக்கொண்டு நடந்த அந்த நாட்களில் அவர் முகம் தெளிந்திருந்தது. அக்கா இரண்டு பேருக்கும் கேப்பைக் கூழ் கரைத்து வைத்திருப்பாள். சர்க்கரையும் குறைந்தது.

ஒரு சாயங்காலம் நான் கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"முடியாது மாப்ள. முட்டுச் சந்து ரொம்பக் கிடக்கு. உள்ள போனா அதே வழியாத்தான் வெளிய வரணும். எப்படிப் போனாலும் முடியாதுன்னு உறுதியாத் தெரிஞ்சு போச்சு."

"சரி, முடியாட்டா என்ன? சும்மா நடப்போம்."

"தெரிஞ்ச பிறகு எதுக்கு வே நடக்க?"

அக்கா அடுக்களையில் கையிலிருந்த பாத்திரத்தைத் தொப்பென்று வைத்தாள். "பாத்தியா, மூளை இருக்கவன் லட்சணத்தை. நடந்தா சுகர் குறையும்னும் தெரியும்லா? அதையும் தெரிஞ்ச பிறகு விட்டாச்சு!" என்றாள். அத்தான் சிரிக்கவில்லை. அவருக்கும் தன்மேல் கோபம் இருந்தது என்று நினைக்கிறேன். சாகப்போகிற பயம்கூட ஒருவனை நடக்க வைக்கவில்லை என்றால் அவன் என்னதான் செய்வான்? மறுபடியும் படுத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் சர்க்கரை பழைய இடத்துக்கே ஏறியது.

அப்புறம் ஆடி வந்தது. கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. எங்கள் ஊரில் கொடியேறிவிட்டால் ஜனங்கள் கோவிலைச் சுற்றி வருவார்கள், ஆடிச்சுற்று என்று பேர். வேண்டுதலைப் பொறுத்து நூறு சுற்று, ஐந்நூறு சுற்று, ஆயிரம்கூட. தபசுக்குள் முடிக்க வேண்டும், செருப்புப் போடக்கூடாது. சுற்றுகிறவர்களின் கால்வலியை ஒற்றைக்காலில் தபசு நிற்கும் அம்பாள் வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. அக்கா அத்தானுக்காக நேர்ந்துகொண்டாள். கூட்டத்தில் துணைக்கு அவரையும் வரச் சொன்னாள். சாமி விஷயத்தில் அவர் பட்டும் படாமலும் இருப்பவர். ஆனாலும் வந்தார். நானும் போனேன்.

கோவிலைச் சுற்றிக் கூட்டம் ஆறு மாதிரி ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. புதுப்பெண்கள், ராயகிரிப் பக்கத்திலிருந்து வயல் வேலையை விட்டு வந்த சம்சாரிகள், இடுப்பில் பிள்ளை வைத்தவர்கள். அத்தான் கொஞ்ச நேரம் சும்மா நடந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"அந்த மஞ்சச் சேலையைப் பாரு. நம்மளைவிட வேகம். அந்தத் தாடிக்காரர் நம்மளைவிட மெதுவு. தாடிக்காரரை நாம மேற்க திரும்புற மூலையில பிடிப்போம். அந்தம்மா நம்மளை எங்கன பிடிப்பா, சொல்லு?"

"எனக்கென்ன தெரியும்?"

"வடக்க, தண்ணிப் பந்தலுக்குக் கொஞ்சம் முன்னால."

சொன்ன இடத்தில் தாடிக்காரரைப் பிடித்தோம். மஞ்சள் சேலை மட்டும் வரவில்லை. நடுவில் மோர் வாங்கிக் குடிக்க நின்றுவிட்டாள். அத்தானுக்கு அதுதான் பிடித்துப்போனது. மனுஷர்கள் நிற்பார்கள், பேசுவார்கள், பிள்ளை அழும், வேகம் மாறும். இந்தக் கணக்கு ஒருநாளும் முடியாது. ஐந்து பேர், பத்துப் பேர் என்று மனசில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் திருத்திக்கொண்டே நடந்தார். பின்னால் வந்த ஒரு அம்மா, "அண்ணாச்சி, எத்தனை ஆச்சு?" என்று கேட்டாள். "எத்தனைன்னு எண்ணலம்மா. நீங்க இப்ப கொஞ்சம் மெதுவா வாரிய, கால் வலிக்கோ?" என்றார். "ஏ, இவரு நம்மளையில்லா எண்ணுதாரு!" என்று அவள் கூட வந்தவளிடம் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தினமும் போனார். ஆபீஸ் விட்டதும் நேராகக் கோவில். அக்கா களைத்து மண்டபத்தில் உட்கார்ந்த பிறகும் அவர் சுற்றினார். எனக்கே பாதம் கொப்புளித்து, குதிகால் வெடித்து, சாயங்காலம் ஆனால் பயமாக இருந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை.

"கால் வலிக்கலையா அத்தான்?"

"இல்லையே. பிரியமாச் செஞ்சா வலிக்காது மாப்ள. அந்த மைதானத்துல பிரியமில்லாம நடந்தேன், ரெண்டாவது சுத்துலயே வலிச்சுது."

அக்காவுக்கு வேறு கணக்கு. "அம்பாள் வாங்கிக்கிட்டா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் சொன்னதும் சரியாக இருந்தது, அவர் சொன்னதும் சரியாக இருந்தது. எனக்கு எதை நம்ப என்று தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அக்கா அவருக்கு ஈடுகொடுத்து, "இன்னைக்கு என்னைய எத்தனை தடவை தாண்டிப் போனிய?" என்று வம்புக்கு இழுப்பாள். "நீ மோர்ப் பந்தல்லயே குடியிருந்தா எப்படித் தாண்ட?" என்பார் அவர்.

தபசுக்கு இரண்டு நாள் முன்னால் விரிப்பைத் துவைக்க எடுத்த அக்கா என்னைக் கூப்பிட்டாள். கால் மாட்டில் மஞ்சளாகக் கறை. ஒரு வாடையும் இருந்தது. அத்தான் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கீழே குந்தி அவர் வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் தோல் வெளுத்து ஊறி, நடுவில் கறுத்த குழி. குழிக்குள் என்னமோ இருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன். கோவில் வாசலில் உடைக்கிற தேங்காயின் சிரட்டைச் சில்லு. என் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். அதை நான் பிடுங்கும்போதும் அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. அக்கா ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்ட சத்தத்தில்தான் தாழ்த்தினார்.

திருநெல்வேலியில் டாக்டர் ஒரு குண்டூசியைக் கையில் எடுத்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் அங்கங்கே தொட்டார்.

"இப்ப?"

"ஒண்ணுமில்ல."

"இப்ப?"

"ஆரம்பிச்சாச்சா டாக்டர்?"

பாதத்தில் நரம்பு எப்போதோ செத்துவிட்டது என்றார் டாக்டர். சர்க்கரைக்காரர்களுக்கு அப்படி ஆகும், குத்தினாலும் சுட்டாலும் தெரியாது, செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்ளேகூட நடக்கக் கூடாது என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அத்தான் சொன்னார்:

"இதைப் படிச்சிருக்கேன் மாப்ள. முதல் நாளே படிச்சேன். எனக்கு வந்திருக்கும்னு தோணல. வலிக்கலைன்னதும் சந்தோஷமா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன்."

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஆறவில்லை. தபசு அன்று நாங்கள் வார்டில் இருந்தோம். மறு வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அக்கா அதற்குப் பிறகு அம்பாளைப் பற்றிப் பேசவில்லை. கோவிலுக்குப் போகாமல் இல்லை, போனாள். என்ன கேட்டாள் என்று தெரியாது. ஒருநாள் சோறு வடிக்கும்போது மட்டும், என்னிடம் இல்லை, பானையிடம் சொல்வது போலச் சொன்னாள்: "நடங்க நடங்கன்னு நான்தானே உயிரை எடுத்தேன்."

"நடக்காம இருந்தாலும் போயிருக்கும்க்கா. டாக்டர் சொன்னாருல்லா."

"அப்பம் படுத்துக்கிட்டே போயிருக்கட்டும்," என்றாள்.

வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வாரத்துக்கு இருமுறை வந்தாள். வெட்டிய காலைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். மறுபடி தூக்க வேண்டும், இறக்க வேண்டும். பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. அத்தான் பாதியில் விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். அவருக்குக் கேட்டுக்கொண்டே நடக்க ஏதாவது போட்டுவிடலாம் என்று என் ஃபோனில் மலையாளச் செய்தியைத் திறந்தேன்.

"அதை அணை."

"சும்மா இருக்கட்டும் அத்தான். பொழுது போகும்."

"வேண்டாம் வே. இன்னொரு கால் இருக்கு. அதுலயும் உணர்வு கிடையாது. எங்கன வைக்கேன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். மனசு வேற பக்கம் போச்சுன்னா முடிஞ்சுது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இடது பாதத்தையே பார்த்தபடி வாக்கரை நகர்த்தினார், காலை வைத்தார். நகர்த்தினார், வைத்தார். சுவர் வந்ததும் திரும்பினார்.

"சலிப்பா இல்லையா அத்தான்?" என்று கேட்டேன்.

"சலிப்பாத்தான் இருக்கு," என்றார், பாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.