நடுவர் பார்க்காத கைகள்

அலுவலகத்தில் எல்லோரும் அவரைச் சுவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. விண்வெளியில் நடக்கும் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. எங்கெங்கோ இருந்து முப்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கிச் சுட்டுக்கொள்ளலாம். அதன் முதல் பாகம் வெளிவருவதற்கு முன், அந்த விண்கலத்தின் ஒவ்வொரு சுவரிலும் முட்டிப் பார்ப்பதுதான் பதினான்கு மாதம் இவருடைய பணி. நின்றும் குனிந்தும் குதித்தும், பின்பக்கமாக நடந்தும் முட்ட வேண்டும். எங்காவது சுவர் வழிவிட்டால் அது குறை. எழுதி அனுப்ப வேண்டும்.

அதற்கு முன் ஏழு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். "அங்க பட்டன இழுத்துப் பார்த்தேன், இங்க சுவர இடிச்சுப் பார்க்கிறேன். ரெண்டு எடத்துலயும் கழுத்துதான் வலிக்குது" என்பார்.

முப்பத்தெட்டு வயது. ஓரிடத்தில் உட்கார முடியாதவர். தொலைபேசியில் பேசினால் அறையை நாற்பது முறை அளந்துவிடுவார். யோசித்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். அப்படிப்பட்டவருக்கு நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் வேலை கிடைத்ததை என்னவென்று சொல்வது?

இரண்டாம் பாகத்தில் புதுமைகள் நிறைய. ஈர்ப்பைத் தலைகீழாக்கலாம், கூரை தரையாகிவிடும், சுவரக்காவுக்கு வேலை இரட்டிப்பாகிவிடும். மணிக்கட்டிலிருந்து கொக்கிக் கயிறு வீசித் தொங்கலாம். அதைச் சோதித்த இளைஞனுக்கு அறையில் கயிறு என்றே பெயர். அடிபட்டு விழுந்த கூட்டாளியைக் குண்டு மழைக்குள்ளிருந்து இழுத்து வரலாம். ஆனால் நிறுவனம் அதிகம் பீற்றிக்கொண்டது 'நடுவர்' என்ற தானியங்கி ஏற்பாட்டைப் பற்றி. ஆடுபவர் பட்டனை எப்படி அழுத்துகிறார் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். மனிதக் கை அல்ல, ஏதோ கருவி திருட்டுத்தனமாகச் சுடுகிறது என்று தோன்றினால் அந்த ஆளை வெளியே தூக்கிப் போட்டு, மறுபடி நுழையத் தடையும் விதிக்கும். பெயருக்குக் கீழே 'ஏமாற்றுக்காரர்' என்று சிவப்பில் எழுதிவிடும். கூட ஆடியவர்கள் எல்லோரும் அதைப் படிப்பார்கள். கொலை வழக்கில் நிற்பவனுக்குக்கூட வாய் திறக்க ஒரு கூண்டு உண்டு. நடுவரிடம் அதுவும் இல்லை.

வெளியீட்டுக்கு ஆறு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, பொதுமக்கள் ஆடிப் பார்க்க முன்னோட்டம் திறந்தார்கள். சுவரக்காவின் தம்பி காலையிலேயே குளித்துவிட்டு உட்கார்ந்தான்.

தம்பிக்கு முப்பத்துமூன்று வயது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரம் அவன் வலக்கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் "விதி" என்றார்கள். விதியும் இல்லை, வினையும் இல்லை. வேகம் குறைகிறது என்று முதலாளி கழற்றி வைக்கச் சொன்ன தடுப்புத் தகடு. விதியின் மேல் வழக்குப் போட முடியாது என்பதால்தான் அதன் மேல் பழி போடுவது இவ்வளவு வசதியாக இருக்கிறது.

ஆறு மாதம் சும்மா கிடந்தவன், பழைய தையல் இயந்திரத்தின் மிதிப்பானைப் பிரித்து, உள்ளே ஒரு சுவிட்சு வைத்துக் கணினியில் மாட்டினான். இடது கையால் குறி, வலது காலால் சுடல். மூன்று வேறு ஊர்க்காரர்கள் அவனுக்குக் கூட்டாளிகள். ஆறு வருடமாக ஒரே அணி. அவர்களுக்கு அவன் பெடல். நேரில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் அவன் குரல் கம்மினால் அக்காவுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நாற்பதாவது நிமிடத்தில் நடுவர் அவனை வெளியேற்றியது.

"டேய் பெடல்," என்றது காதுக்கருவியில் ஒரு குரல், "ஆறு வருஷமா எங்களயே ஏமாத்துனியாடா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் மற்ற இருவரும் கூடச் சிரிக்கவில்லை.

தம்பி காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "அக்கா, உங்க நடுவர் என்னைத் திருடன்னு சொல்லுது."

"இரு, பார்க்கிறேன்" என்று சுவரக்கா எழுந்து நடக்கத் தொடங்கினார். ஞாயிறு முழுக்க நடந்தார்.

திங்கள் காலை மேலாளரிடம் போனார். மேலாளர் நல்ல மனிதர்தான்; காகிதம் சொல்வதை மட்டும் நம்பும் நல்ல மனிதர்.

"நம்ம அறையில இருபத்தாறு பேர் மூணு மாசம் ஆடியிருக்காங்க. ஒருத்தரைக்கூட நடுவர் தப்பாத் தூக்கலன்னு சான்று இருக்கு. கையெழுத்து யாரோடது?"

"என்னோடது சார்."

"அப்புறம் என்ன?"

இருக்கைக்குத் திரும்பினார். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். அப்போதுதான் உறைத்தது. நடுவர் வந்த முதல் வாரம் சோதனையாளர்களையே ஓயாமல் வெளியேற்றியது. ஒரே சுவரில் ஒரே தாளத்தில் நானூறு முறை முட்டுபவரை எந்த இயந்திரம்தான் மனிதர் என்று நம்பும்? வேலை நின்றது. 'சோதனையாளர் கணக்குகளை நடுவர் கவனிக்காதபடி விலக்கி வைக்கவும்' என்று ஒரு கடிதம் போனது. விலக்கினார்கள். எல்லோரும் நிம்மதியாக மறந்துபோனார்கள். இரண்டு மாதம் கழித்துப் படிவம் வந்தது: தவறான வெளியேற்றம் உண்டா? இல்லை. காவல்காரன் கண்ணைக் கட்டிவிட்டு, இவன் யாரையும் தப்பாகப் பிடிக்கவில்லை என்று நற்சான்று கொடுத்தாயிற்று.

அந்தக் கடிதத்தை எழுதியதும் சுவரக்காதான்.

கயிறிடம் சொன்னார். அவன் நாற்காலியைச் சத்தமில்லாமல் அருகே இழுத்தான். "அக்கா, சும்மா கெடக்குற சங்க ஊதிக் கெடுக்காதீங்க. இந்த ஞாயித்துக்கிழமையோட நம்ம ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்கிற நேரத்துலயா?"

"சங்க ஏற்கெனவே என் தம்பிக்கு ஊதிட்டாங்கடா."

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு குறையை ஐந்து முறை திரும்ப நடத்திக் காட்டினால்தான் அது குறை, இல்லாவிட்டால் புலம்பல். சுவரக்காவுக்கு அந்தச் சட்டம் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுப் பைக்குள் தம்பியின் மிதிப்பானை வைத்துக் கொண்டுவந்தார்.

"வெள்ளிக்கிழமை வெளியீடும்மா" என்றார் மேலாளர்.

"அதனாலதான் செவ்வாய்க்கிழமையே வந்திருக்கேன்."

"தம்பிக்காகப் பண்றீங்க."

"ஆமா. அவனுக்காகத்தான். அவனுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்குதான்னு பார்த்துருவோம். உங்க பேர விலக்குப் பட்டியல்லருந்து எடுங்க. நீங்களே மிதிங்க."

மேலாளருக்குத் தன் ஆட்டத்தின் மேல் ஒரு பெருமை உண்டு. பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். விரலால் அழுத்தினால், அழுத்தும் நேரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும், குறையும். அந்தச் சுவிட்சோ மிதித்த போதெல்லாம் ஒரே அளவாகத் தட்டியது. பதினோராவது நிமிடம் திரை சிவந்தது: ஏமாற்றுக்காரர்.

"சார், நீங்களுமா?" என்றான் கயிறு. இருபத்தாறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மேலாளர் சிரிக்கவில்லை. தடையை நீக்கி நீக்கி இன்னும் நான்கு முறை ஆடினார். நான்கு முறையும் வெளியே. கடைசி முறை அவர் காது சிவந்திருந்தது. "நான் எதுவுமே பண்ணலையே" என்றார் திரையைப் பார்த்து. திரைக்கு அது கேட்கவில்லை.

சுவரக்கா குறையை எழுதினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'விலக்குக் கேட்டவளும் நான், அதை மறந்து சான்றில் கையெழுத்திட்டவளும் நான். அந்தச் சான்று தவறு.'

"அந்த வரி வேணாமே" என்றார் மேலாளர்.

"அது இல்லாம மீதிய யார் சார் நம்புவாங்க?"

வியாழக்கிழமை மேலிடம் இறங்கிவந்தது. இனி நடுவர் சந்தேகத்தை மட்டும் சொல்லும், மனிதர் ஒருவர் பார்த்துத்தான் வெளியேற்றுவார். ஒப்பந்தம் பற்றிக் கேட்டபோது மேலாளர் நிமிராமல், "பார்க்கலாம்" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தம்பியின் திரையில் ஒரு செய்தி வந்தது. 'கருணை அடிப்படையில் உங்கள் தடை நீக்கப்படுகிறது. இனி நேர்மையாக ஆடுவேன் என உறுதியளிக்கிறேன்.' கீழே ஒரு பட்டன்: ஏற்கிறேன்.

தம்பி அழுத்தவில்லை.

"அமுக்குடா," என்றார் அக்கா. "உன் ஆளுங்க காத்திருக்காங்க."

"இனி நேர்மையான்னா? இதுவரைக்கும் எப்படி ஆடுனேனாம்?" அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "நீ செஞ்ச தப்ப நீ ஒத்துக்கிட்ட. செய்யாத தப்ப என்னால ஒத்துக்க முடியாதுக்கா."

காதுக்கருவியிலிருந்து எறும்பு பேசுவதுபோல் ஒரு குரல் கசிந்தது. "டேய் பெடல், வர்றியா இல்லையாடா? நீ இல்லாமப் போனா நாங்க அஞ்சு நிமிஷத்துல செத்துருவோம்."

"செத்துட்டே இருங்கடா. வர்றேன், இப்ப இல்ல."

சுவரக்கா ஏற்கெனவே எழுந்திருந்தார். சன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தபடி மேலாளரை அழைத்தார்.

"சார், இன்னொரு குறை. தடைய நீக்குற செய்தியில."

"அத நானும் பார்த்தேன். குறை இல்லம்மா, நல்ல எண்ணத்துல எழுதுன வாசகம். திங்கக்கிழமை பேசுவோம்."

"திங்கக்கிழமை நான் அங்க இருப்பேனான்னே தெரியாது. இப்பவே எழுதிக்குங்க." தம்பியின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினார். மறுமுனையில் மேலாளர் பேனா தேடும் சத்தம் கேட்டது.