திண்டிவனம் கடைத்தெருவில் சாம்பல் நிறக் கட்டங்கள்

போன செவ்வாய்க்கிழமை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. அங்கே பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவை இடித்துவிட்டு அடுக்குமாடி வளாகம் கட்டப் போகிறார்களாம். அதன் வரைபடத்தைக் கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்துக் கருத்துக் கேட்டார்கள். என் சித்தப்பா மகள் செல்வி அந்தத் தெருவில்தான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்கிறாள். "பிளான்ல நம்ம கடைய காணோம்ணா, ஜல்தியா வாங்க" என்று விடிந்ததும் விடியாததுமாகப் போன். வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நான் வந்தால் ஏதாவது நடக்கும் என்று நம்பினாள், பாவம்.

தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், பேருந்தில் ஒரு மணி நேரம். ஊருக்குள் போகுமா என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். நான் கேட்கவில்லை. நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டார்கள். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் அழுதேன். "அந்தக் கூட்டத்துக்கா சார்? போங்க, டீ நல்லா குடுக்கிறாங்க" என்றார் ஓட்டுநர்.

டீ நன்றாகத்தான் இருந்தது. வரைபடத்தில் இயங்கும் கடைகளுக்கு நீலக் கட்டம்; அவற்றுக்கு மட்டும் புதுக் கட்டடத்தில் இடம். செல்வியின் வரிசை முழுக்கச் சாம்பல் நிறம், 'பயன்பாட்டில் இல்லாதவை'. திட்டம் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளரைப் பிடித்தோம். சின்ன வயசு, மரியாதையான ஆள். கடைகளைக் கணக்கெடுத்த நாளின் புகைப்படங்களை லேப்டாப்பில் காட்டினார். செல்வியின் வரிசையில் எல்லாக் கடைகளும் சாத்திக் கிடந்தன.

"அன்னிக்கி உங்கள எதிர்த்துதான் சார் கடையடைப்பு பண்ணோம்! கருப்புக் கொடி கூட கட்டினோமே!" என்று கத்தினாள் செல்வி.

"கொடி தெரியுதும்மா. கடைதான் மூடியிருக்கு." கொஞ்சம் யோசித்தார். "வியாழக்கிழமை கடைசியா ஒரு தடவை வர்றோம். தொறந்து வைங்க, நீலமா மாத்திடறேன்."

அப்பாடா என்று வெளியே வந்தால், வாசலில் வியாபாரிகள் சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "மறுபடி கணக்கெடுக்க ஒத்துக்கினா, இடிக்கவே ஒத்துக்கினா மாதிரி! வியாழக்கிழமை முழுக் கடையடைப்பு!" எல்லோரும் கை தட்டினார்கள். செல்வியும் தட்டினாள்.

"உனக்கு மூளை கலங்கிப் போச்சா?" என்று கத்தியேவிட்டேன்.

"நான் மட்டும் தொறந்து வச்சிக்கினு ஒக்காந்தா இந்தத் தெருவுல யாருண்ணா எங்கூட பேசுவாங்க? போன தடவ டீக்கடைக்காரர் சாத்தல. அவருக்கு நீலம் போட்டுட்டாங்க. ஆனா இன்னிக்கி வரைக்கும் அவர் கடையில ஒருத்தரும் டீ குடிக்கிறதில்ல."

தலைவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் கொடுமை. இருந்தாலும் உங்கள் ஊரிலும் இப்படி வரைபடம் ஒட்டினால், முதலில் நிறக் குறிப்பைப் படியுங்கள். கணக்கெடுப்பு எந்த நாள் என்று கேட்டு வையுங்கள். அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டே சண்டை போடுங்கள். சொல்வது எளிது. அந்தத் தெருவில் காலம் தள்ளப் போவது நான் இல்லையே.

வியாழக்கிழமை காலை செல்விக்குப் போன் செய்தேன். கோஷம் காதைப் பிளந்தது.

"வந்துட்டாங்கண்ணா. போட்டோ எடுத்துக்கினு இருக்காங்க."

"கடை?"

"சாத்திட்டேன்" என்றவள், அழ ஆரம்பித்துவிட்டாள்.